வெள்ளத்தில் நின்ற புல்லட்டும் சைதாப்பேட்டைப் பட்டறையும்

பெயர்ப்பலகையே இல்லாத ஒரு பட்டறையைப் பற்றி எழுதுகிறேன். சைதாப்பேட்டையில் அடையாற்றை நோக்கிப் போகும் சந்து ஒன்றில், தகரக் கூரைக்குக் கீழே மூன்று வண்டிகள் நிற்கும் அளவுக்கே இடமுள்ள பட்டறை அது. அதை நடத்துபவர் அறுபது வயதைத் தாண்டியவர். தம் பெயரையோ தொலைபேசி எண்ணையோ எங்கும் போட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கையில் இருக்கிற வேலையையே முடித்துக் கொடுக்க முடியவில்லை என்பது அவர் சொன்ன காரணம். ஆகவே ஆயிலில் தண்ணீர் கலந்த ஒரு பழைய வண்டியை அங்கே எவ்வாறு சோதித்தார்கள், அதில் எது எனக்கு நிறைவாக இருந்தது, எது இல்லை என்பதை மட்டும் எழுதுகிறேன்.

வண்டி 1994-ஆம் ஆண்டு புல்லட் 350. திருவொற்றியூர் ஆலையில் பிறந்து, என் தந்தையின் கையில் இருபது ஆண்டுகளும் என் கையில் மிச்சமும் ஓடியது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னைக் கரையோரமாக நகர்ந்தபோது, வேளச்சேரியில் எங்கள் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் பெட்ரோல் டேங்கின் அடி விளிம்பு வரை தண்ணீர் ஏறியது. வடிய இரண்டு நாள் ஆனது. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த வேறொரு சர்வீஸ் நிலையத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அந்த வாரத்தில் அவர்கள் வாசலில் நின்ற வண்டிகளை எண்ணிப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. இன்ஜின் ஆயிலை மாற்றினார்கள், கார்ப்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள், பிளக்கையும் ஏர் ஃபில்டரையும் புதிதாகப் போட்டார்கள், மூன்றாவது உதையில் வண்டி கிளம்பியதும் பில்லைக் கொடுத்தார்கள். மூன்று வாரம் கழித்துக் காலையில் முதல் கியர் போட்டால் கிளட்ச் பிடித்திருக்கும்போதே வண்டி முன்னே துள்ளியது. இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது கரகரவென்று ஓசை வந்தது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தால் உள்பக்கத்தில் வெண்ணெய் தடவியதுபோல் வெளிறிய மஞ்சள் நிறத்தில் ஒரு படலம் ஒட்டியிருந்தது.

இவ்விடத்தில், பழைய புல்லட்டை அறியாதவர்களுக்காகச் சற்று விளக்க வேண்டும். இன்றைய பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான் சுற்றிவரும்; அந்த ஆயிலைக் கொட்டினால் மூன்றையும் பார்த்ததாக ஆகிவிடும். வார்ப்பிரும்பு இன்ஜின் கொண்ட பழைய புல்லட்டிலோ இவை மூன்றும் தனித்தனி அறைகள். இன்ஜினுக்கு உள்ளேயே வார்க்கப்பட்ட ஆயில் தொட்டியில் 20டபிள்யூ-50 ரக ஆயில் இருக்கும். இடதுபக்கம் பிரைமரி கேஸ் என்று சொல்லப்படும் உறைக்குள் பிரைமரி செயினும் கிளட்சும் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரும் தமக்கென்று உள்ள கொஞ்சம் ஆயிலில் நனைந்துகொண்டிருக்கும். இன்ஜினுக்குப் பின்னால் போல்ட் போட்டு இறுக்கிய நான்கு கியர் பெட்டியில் கெட்டியான கியர் ஆயில். இன்ஜின் ஆயிலை மட்டும் மாற்றி அனுப்பிய வண்டியில் மற்ற இரண்டு அறைகளும் திறக்கப்படவே இல்லை. இதை நானே கேட்டிருக்க வேண்டும். வண்டி கிளம்பிய சத்தத்தைக் கேட்ட மகிழ்ச்சியில் கேட்கத் தோன்றவில்லை.

சைதாப்பேட்டைப் பட்டறையில் முதல் நாள் பெரியவர் ஒரு ஸ்பேனரைக்கூட எடுக்கவில்லை. வெள்ளத்தில் எவ்வளவு உயரம், எத்தனை நாள், எந்தப் பக்கம் சாய்ந்து நின்றது என்று கேட்டார். அதன் பிறகு நான் எதிர்பாராத ஒரு கேள்வி: “தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுறீங்க சார்?” வீட்டிலிருந்து ரயில் நிலையம், மூன்று கிலோமீட்டர் போக, மூன்று வர என்றேன். தலையை ஆட்டிவிட்டு, வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னார். சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, மறுநாள் காலை வரை யாரும் கிக்கரை உதைக்கக்கூடாது என்று பையனிடம் சொல்லிவைத்தார். ஆயிலைவிடத் தண்ணீர் கனமானது என்பதால், ஓர் இரவு அசையாமல் நின்றால் தனியாக இருக்கும் தண்ணீர் அடியில் போய்ச் சேர்ந்துவிடும். ஸ்டார்ட் செய்து பார்த்தால் எல்லாம் கலங்கி, எது எங்கிருந்து வந்தது என்ற தடயமே அழிந்துவிடும். கொண்டுபோனவுடனே வண்டியை உதைத்து, ஆக்சிலரேட்டரை முறுக்கிக் காதைச் சாய்த்துக் கேட்கும் பட்டறைகளையே பார்த்துப் பழகிய எனக்கு இந்தப் பொறுமை புதிதாக இருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் போனேன். முதலில் பிரைமரி கேஸின் லெவல் ஸ்க்ரூவைக் கழற்றினார். ஆயில் சரியான அளவில் இருந்தால் அந்தத் துளையில் ஆயில் எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். இங்கே பழுப்பு நிறத்தில் ஒரு தாரை குபுகுபுவென்று வெளியே வந்தது. யாரும் ஆயில் ஊற்றாத அறையில் மட்டம் ஏறியிருக்கிறது என்றால், உள்ளே வந்தது வேறு ஏதோ ஒன்று. ஆயிலின் நிறத்தை வைத்து வாதிட இடமுண்டு. மட்டத்தை வைத்து வாதிட இடமில்லை என்பதால் அவர் எப்போதும் அளவிலிருந்துதான் தொடங்குவாராம். அதன் பிறகு ஒவ்வோர் அறையின் டிரெய்ன் போல்ட்டையும் முழுதாகக் கழற்றாமல், இரண்டு மூன்று மரை மட்டும் தளர்த்தி, முதலில் கசிவதைத் தனியாகப் பிடித்தார். கியர்பாக்ஸிலிருந்து முதலில் சொட்டியது ஆயிலே அல்ல, நிறமற்ற தண்ணீர். ஒரு தேநீர்க் குவளையின் பாதி அளவுக்கு வந்த பிறகுதான் கறுத்த கியர் ஆயில் நூலாக இறங்கியது.

மூன்று அறைகளிலிருந்தும் பிடித்த ஆயிலை மூன்று காலி தண்ணீர் பாட்டில்களில் ஊற்றி, கட்டுக்கம்பியில் துண்டுச் சீட்டுகளைக் கட்டி, பட்டறைத் திண்ணையில் வரிசையாக வைத்தார்கள். நான் பெரிதும் கற்றுக்கொண்டது அந்தத் திண்ணையில்தான். ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்துக்கு மாறினால் தண்ணீர் நிறைய, மாறாவிட்டால் தண்ணீர் இல்லை என்றே நானும் நம்பியிருந்தேன். இன்ஜின் ஆயிலில் அழுக்கைப் பிடித்துவைத்துக்கொள்ளும் டிடர்ஜென்ட், டிஸ்பர்சன்ட் ரசாயனங்கள் சேர்க்கப்படுகின்றன. அவை அழுக்கைப் பிடித்துவைப்பதைப் போலவே தண்ணீரையும் நுண்துளிகளாக உடைத்துப் பிடித்துக்கொள்ளும். எனவே அதில் கொஞ்சம் தண்ணீர் கலந்தாலே வெளிறிப் பால் நிறம் காட்டும், எளிதில் பிரியாது. கியர் ஆயிலின் சேர்மானம் வேறு. அது தண்ணீரை அவ்வளவாகப் பிடித்துக்கொள்ளாமல் கீழே விட்டுவிடும். மேலே பார்த்தால் நல்ல ஆயில் போலவே தெரியும், அடியில் தண்ணீர் படுத்திருக்கும். எங்கள் மூன்று பாட்டில்களில் மிகத் தெளிவாகத் தெரிந்தது கியர்பாக்ஸ் பாட்டில்தான். மிக மோசமானதும் அதுதான். பிரைமரி கேஸ் பாட்டில் மேலிருந்து அடிவரை செம்மண் குழம்பு. இன்ஜின் பாட்டில் கறுப்பாக, மேலே இழைபோல் ஓர் ஓரத்தில் மட்டும் சற்று மங்கலாக இருந்தது.

கண்ணால் பார்த்ததை அப்படியே முடிவாக எடுத்துக்கொள்ளாமல், அடுத்துச் சூட்டுச் சோதனை செய்தார்கள். பட்டறைகளில் இது பழைய வழக்கம்தான் என்றாலும், இவ்வளவு ஒழுங்காகச் செய்து நான் பார்த்ததில்லை. சிறிய கேஸ் அடுப்பில் தடித்த இரும்புத் தகடு ஒன்றைச் சூடாக்கி, முதலில் டப்பாவிலிருந்து எடுத்த புதிய ஆயிலில் ஒரு சொட்டு விட்டார். அது சத்தமில்லாமல் பரவியது. தகடு சுமார் 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருந்தால் போதும், ஆயில் புகைய ஆரம்பித்தால் சூடு மிஞ்சிவிட்டது என்று பொருள், அப்போது வரும் முடிவை நம்பக்கூடாது என்றார். பாட்டில்களை நன்றாகக் குலுக்கி, நடுவிலிருந்து ஊசிக்குழலால் எடுத்த துளிகளை ஒவ்வொன்றாக விட்டார். கியர் ஆயில் துளி, தாளிப்பில் கடுகு வெடிப்பதுபோல் படபடவென்று தெறித்தது. பிரைமரி ஆயிலும் அப்படியே. இன்ஜின் ஆயில் துளியின் ஓரத்தில் குண்டூசித் தலை அளவுக்கு நாலைந்து குமிழிகள் வந்து அடங்கின. ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு தண்ணீர் இருந்தாலே இந்தத் தகடு காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் எவ்வளவு தண்ணீர் என்று துல்லியமாகச் சொல்லாது. அதற்கு ஆய்வுக்கூடத்தில் கார்ல் ஃபிஷர் 1935-இல் வகுத்த டைட்ரேஷன் முறை இருக்கிறது. ஒரு புல்லட்டுக்கு அது தேவையில்லை. கார்ப்புரேட்டர் ஒழுகி ஆயிலில் பெட்ரோல் கலந்திருந்தாலும் குமிழி வரும், ஆனால் படபடப்புச் சத்தம் வராது, ஆயில் நீர்த்துப்போய் மூக்கிலும் அடிக்கும் என்பதால், ஒவ்வொரு பாட்டிலையும் முகர்ந்து பார்த்த பிறகே சோதனையைத் தொடங்கினார். கண்ணாடி அணியாமல் தகட்டின்மேல் குனிந்த என்னைப் பின்னால் இழுத்து நிறுத்தியதையும் குறிப்பிட வேண்டும்.

இன்ஜின் மூடியில் கண்ட வெண்ணெய்ப் படலத்துக்கு வெள்ளம் காரணமில்லை என்று அவர் சொன்னபோது நான் எளிதில் ஏற்கவில்லை. அவருடைய விளக்கம் இது: ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி, இன்ஜினின் அடிப்பெட்டியான கிரான்க்கேஸுக்குள் இறங்கும். இன்ஜின் நன்றாகச் சூடேறி அரை மணி நேரமாவது ஓடினால் அந்த ஈரம் ஆவியாகி, இன்ஜின் மூச்சுவிடும் பிரீதர் குழாய் வழியே வெளியேறிவிடும். மூன்று கிலோமீட்டரில் அணைத்தால், அது குளிர்ந்த உலோகத்தில், முக்கியமாக மூடியிலும் பிரீதர் குழாயிலும், துளித்து ஆயிலோடு குழைந்து களிம்பாகும். அடியிலிருந்து எடுத்த ஆயில் சுத்தம், ஆயில் மட்டம் பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக் சுத்தம், மூடியில் மட்டும் களிம்பு என்றால் அது ஓட்டும் பழக்கத்தின் கோளாறு. டிப்ஸ்டிக்கிலும் அடியிலும் பால் நிறம் என்றால் வெளியிலிருந்து தண்ணீர் வந்திருக்கிறது. இதைச் சொல்லத்தான் முதல் நாள் எவ்வளவு தூரம் ஓட்டுகிறேன் என்று கேட்டிருக்கிறார். இன்ஜினைப் பிரிக்கலாமா என்று நானே இரண்டு முறை கேட்டேன்; பிரித்திருந்தால் அவருக்குப் பல ஆயிரம் ரூபாய் வருமானம். வேண்டாம் என்றார். என் கணக்கில் இந்தப் பட்டறையின் பெரிய தகுதி அதுதான்.

பிரைமரி கேஸைத் திறந்தபோது கிளட்சின் இரும்புத் தட்டுகள் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன; காலையில் வண்டி முன்னே துள்ளியதன் காரணம் அங்கே இருந்தது. செயின் உருளைகளில் செந்நிறப் பொட்டுகள். ஆல்டர்னேட்டர் ஒயர் முனைகளில் பச்சைப் பூஞ்சணம்போல் களிம்பு. கியர்பாக்ஸில் பற்சக்கரங்கள் தப்பித்திருந்தன, பேரிங்குகள் தப்பவில்லை. ஒரு பேரிங்கின் ஓடுபாதையில், குண்டுக்குக் குண்டு உள்ள அதே இடைவெளியில் வரிசையாகக் கறுத்த பொட்டுகள். ஓடும்போது தேய்ந்தால் பாதை முழுவதும் சமமாகத் தேயும்; இப்படி இடைவெளிவிட்டுப் பொட்டு விழுந்திருந்தால் வண்டி நின்றிருந்த காலத்தில் தண்ணீர் அரித்திருக்கிறது என்று பொருள். வெள்ளத்தின் கையெழுத்து என்று சொல்லி, அந்தப் பேரிங்கை ஒரு காகிதத்தில் சுற்றி என்னிடமே கொடுத்தார். வெண்கல புஷ் ஒன்றும் நிறம் மாறியிருந்தது, அதையும் மாற்றினார்கள். உதிரிப் பாகங்களை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் நானே தேடி வாங்கிவந்தேன். இதற்கு ஒரு நாள் போயிற்று.

சுத்தம் செய்யும் முறையில் எங்களுக்குள் ஒரு சிறிய வாக்குவாதம் நடந்தது. டீசல் ஊற்றி ஐந்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு வடிப்பது ஊரெல்லாம் உள்ள வழக்கம். முந்தைய சர்வீஸ் நிலையத்திலும் அதையே செய்தார்கள். டீசலில் பேரிங்குக்கு வேண்டிய வழுவழுப்பு கிடைக்காது, மூலைகளில் தங்கும் டீசல் புதிய ஆயிலையும் நீர்க்கச் செய்துவிடும் என்பது இவருடைய கட்சி. இன்ஜினில் விலை குறைந்த ஆயிலை ஊற்றி, சூடேற ஓட்டி, சூட்டோடு வடித்து, அதே வேலையை இன்னொரு முறையும் செய்தார். பிரித்துப்போட்ட கியர்பாக்ஸையும் பிரைமரி கேஸையும் மண்ணெண்ணெயில் கழுவிக் காற்றடித்து வெயிலில் வைத்தார். செலவு கூடியது உண்மை. இரண்டாம் முறை வடித்த ஆயிலைத் தகட்டில் விட்டபோது ஒரு குமிழிகூட வரவில்லை என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை.

வேலை முடிந்து 300 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு திரும்பக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். இடையில் இரண்டு நாள் நல்ல மழை. கியர்பாக்ஸ் சுத்தமாக இருந்தது. பிரைமரி கேஸ் ஆயில் மறுபடி இலேசாகக் கலங்கியிருந்தது. நான் சோர்ந்துபோனேன், அவரோ ஆர்வமானார். வெள்ளத் தண்ணீர் ஏற்கெனவே வெளியேறிவிட்டதால், இது புதிதாக வந்த தண்ணீர். ஆகவே வழி ஒன்று இருக்கிறது. பழைய புல்லட்டின் பிரைமரி மூடி நடுவில் உள்ள ஒரே பெரிய நட்டால் இறுக்கப்படுவது. சுற்றிலும் ரப்பர் சீல். எல்லோரும் அந்தச் சீலையே சந்தேகிப்பார்கள். அவர் உறையின் வெளிப்புறம் முழுவதையும் துடைத்து உலர்த்தி, முகத்துக்குப் பூசும் டால்கம் பவுடரைத் தூவி, கிண்டி வரை ஒரு சுற்று ஓட்டிவரச் சொன்னார். திரும்பி வந்தபோது மூடியைச் சுற்றிப் பவுடர் அப்படியே இருந்தது. ஆல்டர்னேட்டர் ஒயர் வெளியே வரும் ரப்பர் குரோமெட்டுக்குக் கீழே மட்டும் விரல் நீளத்துக்கு ஆயில் கோடு. சூடாக இருக்கும்போது ஆயில் வெளியே வரும் அதே வழியில்தான், சூடான உறை மழைத் தண்ணீர் பட்டுச் சட்டென்று குளிர்ந்து உள்காற்று சுருங்கும்போது தண்ணீர் உள்ளே இழுக்கப்படுகிறது. மிகச் சிறிய விலையில் ஒரு குரோமெட், கொஞ்சம் சீலன்ட். அதோடு கியர்பாக்ஸுக்குள் இறங்கும் கிளட்ச் கேபிளின் வாய்க்கும் ஒரு ரப்பர் உறை. கேபிள் உறைக்குள் மழைத் தண்ணீர் வழிந்து இறங்குவதைப் பலர் கவனிப்பதில்லை என்றார்.

பக்கத்து ஸ்டாண்டில் லிக்விட் கூல்டு வண்டி, அதாவது கூலன்ட் என்ற திரவத்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் வண்டி, ஒன்று பிரிக்கப்பட்டிருந்தது. அத்தகைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி: அவற்றில் ஆயில் பால் நிறமானால் மழையை நினைப்பதற்கு முன் கூலன்ட் தொட்டியின் மட்டத்தைப் பார்க்க வேண்டும். வாட்டர் பம்பில் கூலன்ட்டுக்கு ஒரு சீல், ஆயிலுக்கு ஒரு சீல், நடுவில் கசிவை வெளியே காட்டும் ஒரு சிறு துளை இருக்கும். அந்தத் துளையைச் சேறு அடைத்துக்கொண்டால் கசிந்த கூலன்ட் வெளியே சொட்டாமல் ஆயில் பக்கம் போய்விடும். என் வண்டி காற்றிலேயே குளிர்வது என்பதால் இந்தக் கவலை இல்லை.

இனிக் குறைகள். நான்கு நாளில் தருவதாகச் சொன்ன வண்டி பதினோராம் நாள்தான் கைக்கு வந்தது. தொலைபேசியை எடுப்பதில்லை, நேரில் போனால் மட்டுமே நிலவரம் தெரியும், அதற்கு வேளச்சேரியிலிருந்து நான்கு முறை போனேன். அச்சிட்ட பில் கிடையாது. சிகரெட் அட்டையின் பின்புறத்தில் எழுதிய கணக்குதான். சோதனைக்கு 400 ரூபாய், கூலி 3,500 ரூபாய், நான் வாங்கிய உதிரிப் பாகங்களும் ஆயிலும் சேர்த்து மொத்தம் 9,640 ரூபாய் ஆனது. கூலியைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. ஆனால் இன்சூரன்ஸில் வெள்ளச் சேதத்துக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கு அந்தச் சிகரெட் அட்டை உதவாது. உட்கார இடமில்லை, எதிரே உள்ள தேநீர்க் கடையின் பெஞ்சுதான். வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் விடாமல் டிரம்மில் சேர்த்து, அதை எடுத்துப்போக வருபவரிடம் கொடுக்கிறார்கள் என்பதையும் அந்தப் பெஞ்சில் இருந்துதான் பார்த்தேன். கார்ப்புரேட்டருக்குப் பதிலாக ஃப்யூயல் இன்ஜெக்ஷன் உள்ள புதிய வண்டிகளின் மின்னணுக் கோளாறுகளை இங்கே கொண்டுபோக வேண்டாம். அவரே திருப்பி அனுப்பிவிடுவார்.

சைதாப்பேட்டைப் பக்கம் பழைய புல்லட் வைத்திருப்பவர் யாரைக் கேட்டாலும் வழி சொல்லுவார். ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை. காலை எட்டு மணிக்குப் போனால் பெரியவர் இருப்பார், பத்துக்கு மேல் போனால் பையன் மட்டும்தான். வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு போங்கள்; கூடவே, கழுவிக் காயவைத்த மூன்று காலி பாட்டில்களும்.